குதிகாலுக்கு வேண்டியது ஓய்வா, உழைப்பா?

உழைத்துக் களைத்த உறுப்பு ஓய்வெடுத்தால் தேறிவிடும் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன கணக்கு. குதிகால் வலி அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. இரவெல்லாம் படுத்துக் கிடந்தபின், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில்தான் அது சுரீரென்று குத்துகிறது. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் தணிகிறது, நடுப்பகலில் மறந்தே போகிறது. நின்று நின்று ஓய்ந்த மாலையில் திரும்ப வருகிறது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால், விடியற்காலையில் குத்தியது போலவே மறுபடியும் குத்துகிறது. வேலை செய்யும்போது குறைந்து, வேலையை நிறுத்தியபின் கூடும் இந்த வலியின் நடத்தையே அதன் இயல்பைப் பற்றி நமக்கு ஒரு துப்பு தருகிறது. அந்தத் துப்பைப் பின்தொடர்ந்து போனால் கிடைக்கும் முடிவு இது: குதிகால் வலி பெரும்பாலும் பாதத்தின் மேல் விழும் சுமைக்கும் பாதத்தின் தாங்குதிறனுக்கும் இடையே விழுந்த இடைவெளியின் விளைவு. வலியை அடக்கும் மருந்து அந்த இடைவெளியை மூடுவதில்லை. சுமையைக் கொஞ்சம் இறக்கி, தாங்குதிறனைப் படிப்படியாக ஏற்றுவதே அதற்கு வைத்தியம். வராமல் தடுக்கும் வழியும் அதுதான்.

முதலில் வலிக்கும் இடத்தைப் பார்ப்போம். குதிகால் எலும்பின் அடியில், உட்புற ஓரத்திலிருந்து புறப்பட்டு, உள்ளங்கால் முழுவதும் விரிந்து, ஐந்து விரல்களின் அடிவரை போகிறது ஒரு கெட்டியான நார்ப்பட்டை. அது தசை அல்ல. தானாகச் சுருங்கவோ விரியவோ அதனால் முடியாது. பாதத்தின் வளைவு சரிந்து தட்டையாகிவிடாமல் இழுத்துக் கட்டி வைப்பதே அதன் வேலை. ஜான் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1954இல் அதன் இயக்கத்தை விளக்கினார். குதிகால் தரையை விட்டு எழும்பி, விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வது போல இந்தப் பட்டை விரல் மூட்டுகளின் கீழே சுற்றி இறுகுகிறது. பாத வளைவு உயர்கிறது. தொளதொளவென்றிருந்த பாதம் விறைத்து, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாகிறது. ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. இறந்தவர்களின் பாதங்களை இயந்திரத்தில் பொருத்தி நடக்க வைத்து அளந்த 2004ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அடியின் பிற்பகுதியில் இந்தப் பட்டையில் ஏறும் இழுவிசை உடல் எடைக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு நாளில் சில ஆயிரம் அடி வைத்தால், அத்தனை தடவையும் ஏறக்குறைய அந்த எழுபது கிலோவை விரல் அகலமேயுள்ள ஒரு நார்க்கட்டு தாங்கி விடுகிறது என்று பொருள். தூக்கத்தில் நம் பாதம் கீழ்நோக்கித் தொங்கிய நிலையில் கிடக்கிறது. பட்டை தளர்ந்து குறுகிய நிலையில் இரவைக் கழிக்கிறது. விடிந்ததும் முதல் அடியில் முழு எடையும் ஒரேயடியாக அதை இழுக்கிறது. காலை வலிக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இதுதான்.

கிளினிக்கில் இந்த நோயை 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்பார்கள். பட்டையில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தில்தான் பல பத்தாண்டுகள் இதற்கு வைத்தியம் நடந்தது. அழற்சி என்றால் அதைத் தணிக்க மாத்திரை, அதிலும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, கூடவே முழு ஓய்வு. இந்த எண்ணத்தை அமெரிக்கப் பாத மருத்துவர் ஹார்வி லெமான்ட்டும் அவருடைய சகாக்களும் 2003இல் சோதித்தார்கள். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சிக்குரிய உயிரணுக்களின் கூட்டத்தை அவர்கள் காணவில்லை. அவர்கள் கண்டது சிதைவை: ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் துண்டு துண்டாகி, குழைந்து கிடந்தன. ஸ்கேன் படங்களும் இதோடு ஒத்துப்போகின்றன. வலி நெடுநாளாக இருப்பவர்களின் பட்டை குதிகாலருகே 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது வழக்கம். தேய்ந்த இடத்தை உடல் சரியாகப் பழுதுபார்க்க முடியாமல், அவசர அவசரமாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அறுவை சிகிச்சை வரை போனவர்கள் நோய் முற்றியவர்கள். முற்றிய நிலையில் அழற்சி இல்லை என்பதால் தொடக்கத்திலும் இருந்திருக்காது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. முதல் சில வாரங்களில் அழற்சிக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பதை இந்தச் சான்று மறுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் பெரும்பாலோர் போவது முதல் வாரத்தில் அல்ல. தைலம் தேய்த்துப் பார்த்து, செருப்பை மாற்றிப் பார்த்து, தானாகப் போய்விடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பிறகுதான் போகிறார்கள். அந்தக் கட்டத்தில் அவர்கள் சுமந்து வருவது சிதைந்த நார்களை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. அழற்சி இல்லையென்றால் ஸ்டீராய்டு ஊசி போட்டதும் வலி ஏன் குறைகிறது? உண்மைதான், குறைகிறது. 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 82 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் ஸ்கேன் பார்த்துச் செலுத்தினார்கள். நான்காம் வாரத்தில் ஸ்டீராய்டுக்காரர்களுக்கு வலி குறைவாக இருந்தது. எட்டாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் இரு பிரிவுக்கும் வலியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு வலியைத் தணித்தது, நாரை வலுவாக்கவில்லை. மேலும் அது கொலாஜனைப் பலவீனப்படுத்தக்கூடிய மருந்து. குதிகால் வலியோடு வந்த 765 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த 1998ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, பட்டை அறுந்துபோனவர்களாக 51 பேரைக் கண்டது. அவர்களில் 44 பேர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். இதனால் ஊசியே கூடாது என்றாகிவிடாது. வலி தாங்காமல் ஒரு அடியும் வைக்க முடியாதவருக்கு, உடற்பயிற்சியைத் தொடங்க ஒரு மாத அவகாசம் வாங்கித் தருவது உபகாரமே. அந்த மாதத்தை வீணாக்கிவிட்டு, வலி திரும்பியதும் அடுத்த ஊசிக்கு வரிசையில் நிற்பதுதான் தவறு.

எக்ஸ்ரே படத்தில் குதிகாலின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பு முள்ளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 'எலும்பு வளர்ந்து குத்துகிறது' என்று கேட்டதும் பலர் நடக்கவே பயந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது; வலி தீர்ந்தவர்களின் படத்தில் அது அப்படியே நிற்கிறது. முள்ளும் வலியும் ஒரே நெடுங்கால இழுவையின் இரு விளைவுகளாக இருக்கலாம். முள்தான் வலியை உண்டாக்குகிறது என்பதற்கு அதன் இருப்பு மட்டும் சாட்சியாகாது. ஆகவே முள்ளைக் கண்டு அஞ்சி நடையை விட்டுவிட வேண்டியதில்லை.

சுமை, தாங்குதிறன் என்ற கணக்கு சரியென்றால், இந்த வலி யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலும் அது தெரிய வேண்டும். டேனியல் ரிடிலும் சகாக்களும் 2003இல், வலியுள்ள 50 பேரை வலியில்லாத 100 பேரோடு ஒப்பிட்டார்கள். மூன்று விஷயங்கள் தனித்து நின்றன. கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாத விறைப்பு உள்ளவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. உடல் நிறைக் குறியீடு 30க்கு மேல் உள்ளவர்களுக்கு 5 மடங்குக்கும் மேல். வேலை நேரத்தின் பெரும்பகுதியைக் காலில் நின்றே கழிப்பவர்களுக்கு 3 மடங்குக்கும் மேல். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ நடந்தால், கடைக்குக் கடை குதிகால் வலிக்கு ஏற்ற சூழல் தெரியும். ஜவுளிக் கடையில் சேலையை விரித்துக் காட்டுபவர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர், நகைக்கடை வாசலில் ஜாகா வேலை பார்ப்பவர், மருத்துவமனை வார்டில் நிற்கும் தாதியர் எல்லோரும் சிமெண்ட் அல்லது மார்பிள் தரையில், தட்டையான சிலிப்பரிலோ மெல்லிய அடிப்பாகமுள்ள காலணியிலோ நாளைக் கழிப்பவர்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் வெறுங்காலோடு ஓடு பதித்த தரை. சமையலும் அதன் மேல் நின்றபடிதான். எடையைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் சரிபாதிப் பேர், அதாவது 50.1 விழுக்காட்டினர், அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று கண்டது.

இந்த இடத்தில் நம் வீடுகளில் வழக்கமாக எழும் கேள்வி ஒன்று உண்டு: தோட்டத்தில் விடியுமுன்பே எழுந்து பால்மரம் வெட்டிய பாட்டிகள் நாள் முழுக்க நடந்தார்களே, அவர்களுக்கெல்லாம் குதிகால் வலித்ததா? வலித்திருக்காது என்று சொல்ல நம்மிடம் எந்தப் பதிவும் இல்லை. கூலி நாளை இழக்க முடியாதவர்கள் வலியைச் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அந்த உழைப்புக்கும் இன்றைய உழைப்புக்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் நடந்தது மண்ணில். மரத்துக்கு மரம் நடக்கும்போது பட்டை இறுகியும் தளர்ந்தும் மாறி மாறி வேலை செய்தது. கல்லாவின் பின்னே அசையாமல் நிற்பவருக்கு அந்தத் தளர்வு கிடைப்பதில்லை. சிறு வயது முதல் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தவர்களின் கணுக்கால், குதிகால் தரையில் பதிந்தபடியே நன்றாக மடங்கப் பழகியிருந்தது. ரிடில் சுட்டிய முதல் ஆபத்தான கணுக்கால் விறைப்பு நாற்காலியிலும் காரிலும் வளர்ந்த தலைமுறையைத்தான் எளிதில் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களின் பாதங்கள் அந்தச் சுமைக்குச் சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் பழகியவை. பத்தாண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பத்தைந்தாவது வயதில் திடீரென்று கடையில் நிற்கப் போகிறவரின் பாதத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே பாட்டியின் உதாரணம் இந்த வாதத்தை உடைப்பதில்லை. உழைப்புக்குப் பழகிய பாதம் உழைப்பைத் தாங்கும் என்பதையே அது சொல்கிறது.

தாங்குதிறனை ஏற்றுவது எப்படி? இதற்கு இரண்டு ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. முதலாவது பெனடிக்ட் டிஜொவானி குழுவினர் 2003இல் வெளியிட்டது. பல மாதங்களாக வலி தீராத 101 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்குக் கெண்டைக்கால் தசையை இழுக்கும் வழக்கமான பயிற்சியும், மற்றவர்களுக்கு உள்ளங்கால் பட்டையையே குறிவைத்து இழுக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டாம் பிரிவினருக்கே முதல் அடி வலி அதிகமாகக் குறைந்தது. பயிற்சி எளிது: கட்டிலில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டுக்கொண்டு, கையால் விரல்களைப் பிடித்து முன்னங்காலை நோக்கி வளைக்க வேண்டும், உள்ளங்காலில் பட்டை விறைத்து நிற்பது மறுகை விரலுக்குத் தட்டுப்படும். 10 விநாடி பிடித்து, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. அதில் முதல் வேளை கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ரயிலிலோ காரிலோ நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதையே செய்யலாம்.

இரண்டாவது ஆய்வு டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழு நடத்தி 2014இல் வெளியிட்டது. 48 பேரில் ஒரு பாதியினர் மேலே சொன்ன நீட்டல் பயிற்சியைச் செய்தார்கள். மறுபாதியினர் கனமான சுமையோடு குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் செய்தார்கள். துண்டை உருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன் மேல் மடங்கியிருக்குமாறு நின்று, மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் மெதுவாக இறக்க வேண்டும். விரல்கள் மடங்கியிருப்பதால் ஹிக்ஸ் சொன்ன இயக்கத்தின்படி பட்டை முழுசாக இறுகிச் சுமையை ஏற்கிறது. தினமும் அல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் பன்னிரண்டு தடவைக்கு மேல் முடியாத சுமையில் மூன்று சுற்று. பிறகு முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுக் கனத்தைக் கூட்டிப் பத்துத் தடவை, நான்கு சுற்று. நான்கு வாரத்துக்குப் பின் இன்னும் கனம் கூட்டி எட்டுத் தடவை, ஐந்து சுற்று. மூன்றாம் மாதத்தில் கனம் தூக்கிய பிரிவினர் வலியிலும் நடமாட்டத்திலும் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஒற்றைக் காலில் முடியாதவர் இரண்டு காலிலும் ஊன்றித் தொடங்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை.

'வலிக்கிற காலின் மேலேயே கனம் ஏற்றுவதா, இருப்பதும் கெட்டுவிடாதா?' என்ற அச்சம் இயல்பானது. அளவுதான் இங்கே எல்லாம். பயிற்சியின்போது தாங்கிக்கொள்ளக்கூடிய வலி வரலாம்; ஆனால் மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் முந்தைய நாளின் சுமை அதிகம், குறைக்க வேண்டும். வழக்கம்போலவோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் அதே அளவில் தொடரலாம். நார்த்திசு மெதுவாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் பார்த்தால் மாற்றம் தெரியாது, மாதக்கணக்கில்தான் தெரியும். படித்த வாசகர் ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்கக்கூடும்: ராத்லெஃப் ஆய்விலேயே ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் எதைச் செய்தாலும் வலி தீர்ந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு? இதற்குப் பதில், அந்த ஓராண்டு யாருடையது என்பதைப் பொறுத்தது. நினைத்தபோது விடுப்பு எடுக்கக்கூடியவருக்கு ஆறு மாதம் முன்பின் பெரிதல்ல. நாள் கூலிக்கோ கமிஷனுக்கோ நிற்பவருக்கு மூன்று மாதம் முன்னதாகத் தேறுவது பணமாகவே மாறும். அத்துடன், 'எதைச் செய்தாலும்' என்பது ஒப்பிட்ட இரு பிரிவினரும் ஏதோ ஒரு வகையில் பட்டைக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் வார்த்தை.

சுமையை இறக்கும் வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அவற்றின் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும். காலணிக்குள் வைக்கும் உள்தாங்கிகளை 135 பேரிடம் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வில், கடையில் கிடைக்கும் ஆயத்தத் தாங்கியும் அளவெடுத்துச் செய்த விலையுயர்ந்த தாங்கியும் ஒன்றுபோலவே முதல் மாதங்களில் கொஞ்சம் உதவின; ஓராண்டில் போலித் தாங்கி வைத்தவர்களோடு வித்தியாசம் மறைந்தது. எனவே நூற்றுக்கணக்கான வெள்ளியை அங்கே கொட்டுவதற்கு முன் மலிவானதை வைத்துப் பார்ப்பது அறிவு. பாதத்தில் ஒட்டுப்பட்டை சுற்றுவது முதல் வாரத்தின் காலை வலியைக் குறைக்கும். வீட்டுக்குள் அணிய மட்டும் ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு ஒதுக்கி, சமையலறையில் அதோடு நிற்பது பெரிய செலவில்லாத சீர்திருத்தம். உடல் எடை குறைந்தால் நல்லது. ஆனால் எடை குறையட்டும், பிறகு பயிற்சி செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஒல்லியான ஓட்டக்காரர்களுக்கும் இந்த வலி வருகிறது என்பதே எடை கணக்கின் ஒரு பக்கம் மட்டும் என்பதைக் காட்டும். ஆறு மாதத்துக்கு மேல் முறையாகப் பயிற்சி செய்தும் அசையாத வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை போன்றவற்றை மருத்துவரோடு பேசலாம். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

தடுப்பு என்று வரும்போது, கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்களுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு பெரிய சோதனை தைப்பூசம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைவரை வெள்ளி ரதத்தோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதன்பின் குகைக்கு 272 படிகள். பலர் இதை வெறுங்காலோடு, சிலர் தோளில் காவடியோடும் கையில் பிள்ளையோடும் கடக்கிறார்கள். மற்ற நாட்களில் காரிலும் நாற்காலியிலும் இருக்கும் பாதத்துக்கு, ஒரே இரவில் பல மாதச் சுமை. பக்தியின் வலிமை உடலின் வலியை அந்த நேரத்துக்கு மறக்கச் செய்யலாம். நார்த்திசுவின் தாங்குதிறனை அது மாற்றாது. ஆனால் இதே மரபுக்குள்ளேயே நல்ல ஏற்பாடும் இருக்கிறது. விரதம் என்பதே படிப்படியாக உடலைப் பழக்கும் காலம். பலர் அதை 48 நாட்கள் நோற்கிறார்கள். உணவுக்கும் மனத்துக்கும் கொடுக்கும் ஒழுங்கில் ஒரு பங்கைப் பாதத்துக்கும் கொடுத்தால் போதும். தீபாவளி கழிந்த வாரத்தில் தொடங்கினால் தைப்பூசத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும். டென்மார்க் ஆய்வில் வித்தியாசம் தெரிந்த கால அளவும் அதுவே. ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் உயர்த்தும் பயிற்சி, வாரத்துக்கு வாரம் சிறிது கூடும் நடை, கடைசி வாரங்களில் பாதுகாப்பான இடத்தில் சில நிமிடம் தொடங்கி மெல்லக் கூட்டும் வெறுங்கால் நடை, படியேற்றம் என்று போனால், அந்த இரவு பாதத்துக்குப் புதிய அதிர்ச்சியாக இராது. இதே விதி மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவருக்கும், தீபாவளி வியாபாரத்துக்காகத் தினம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கப்போகும் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும்: சுமை கூடப்போகும் நாள் தெரிந்திருக்கிறது என்றால், தயாரிப்பு அதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும்.

வெறுங்கால் பேச்சு எடுத்ததும் நீரிழிவைப் பேசியாக வேண்டும். மேலே சொன்ன 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம் அது மிகுதி. நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்வை மழுங்கடிக்கும். அப்படிப்பட்ட பாதத்துக்கு வெறுங்கால் பயிற்சி கூடாது. நம் வீடுகளில் வழங்கும் ஒத்தடமும் கவனத்துக்குரியது: செங்கல்லைச் சூடாக்கி, அதன் மேல் எருக்க இலையைப் பரப்பி, குதிகாலை வைத்து அழுத்துவது பழைய கைவைத்தியம். வெப்பம் தசையை இளக்கி வலியைச் சற்றுத் தணிக்கும் என்பதால் உணர்வு நன்றாக உள்ளவருக்கு அதில் பெரிய கேடில்லை. சிதைந்த நாரை அது சீராக்காது, அவ்வளவுதான். உணர்வு மழுங்கியவருக்கோ சூடு தெரியாமலே தோல் வெந்து புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைவரை போகலாம். ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சிறுநீரகம் பாதித்தவருக்கு வலி மாத்திரைகள் ஆபத்து. வேறு சில அறிகுறிகள் இருந்தால், இது நாம் பேசிய நோயே அல்லாமல் இருக்கலாம்: இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, மரத்துப்போதல் அல்லது எரிச்சல், குதிகாலை இருபுறமும் அழுத்தினால் தாங்க முடியாத நோவு, காய்ச்சல், இளவயதில் இரு குதிகாலும் வலிப்பதோடு விடிகாலையில் முதுகும் விறைத்துப்போவது. இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்குமுன் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுப்பை வலிப்பவரின் தலையிலேயே கட்டுவதாக ஒரு குற்றச்சாட்டு எழலாம். அது சரியான குற்றச்சாட்டு, ஏனென்றால் சுமையின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவர் அவர் அல்ல. உட்கார இருக்கையே இல்லாத கடையில் வேலை செய்பவரிடம் 'அதிகம் நிற்காதீர்கள்' என்பது வெறும் பேச்சு. கேரளத்தின் ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள்; கோழிக்கோட்டைச் சேர்ந்த பி. விஜி அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதேபோலத் திருத்தம் செய்தது. மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்புத் துறை நின்று வேலை செய்வோருக்கான வழிகாட்டியை 2002இலேயே வெளியிட்டிருக்கிறது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேர உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. வழிகாட்டி ஒரு கடைக்காரரின் மேசையை அடைந்து ஒரு நாற்காலியாக மாறினால்தான் அதற்குப் பயன். அந்த நாற்காலியில் ஊழியர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிற்பது, நடப்பது, உட்காருவது மூன்றும் மாறி மாறி வந்தால் உள்ளங்கால் பட்டைக்கு அது போதும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பத்து நிமிட இருக்கை ஒரு முதலாளிக்கு ஆகும் செலவைவிட, அனுபவமுள்ள ஊழியர் ஒருவர் குதிகால் வலியால் வேலையை விட்டுப் போவதால் ஆகும் செலவு அதிகம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஆக விடை இரண்டும்தான், ஆனால் இரண்டும் ஒரே பங்கில் அல்ல. ஓய்வு என்பது படுத்துக்கிடப்பதல்ல, சுமையின் உச்சத்தைச் சில வாரங்களுக்கு வெட்டுவது. உழைப்பு என்பது வலியைப் பொருட்படுத்தாமல் நிற்பதல்ல, அளந்து கூட்டும் பயிற்சி. முதலாவது வலி பெருகாமல் காக்கும். இரண்டாவதுதான் அடுத்த ஆண்டும் அதே வலி வராமல் செய்யும். குதிகால் குத்தத் தொடங்கிய வாரத்தில் ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எந்தத் தைலம், எந்த ஊசி என்பதல்ல. கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் என் பாதத்தின் மேல் புதிதாக என்ன ஏறியது, அதில் எதை இப்போது இறக்க முடியும், இறக்க முடியாததைத் தாங்கும் அளவுக்கு இந்தக் காலை எத்தனை மாதத்தில் தயார் செய்ய முடியும்? இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் எழுதிவிட்டால் வைத்தியத் திட்டத்தின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கும்.